ஆறு எண்கள்

‘இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது’ என்றது போன்.

“என் பேரையா? யாரைக் கேட்டு எடுத்தாங்க?” என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுடைய புது போனை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளச் சீட்டு மின்னஞ்சலில்தான் வருமாம். மின்னஞ்சல் இல்லாதவர்கள் யார் என்று மேலாளர் கேட்டபோது கை தூக்கியது இவள் ஒருத்திதான்.

நான் ப்ளம்பர். குழாய் முறுக்கிப் பழகிய விரல்கள். ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்தும் கூடவே எழுந்து வந்தது.

பெயருக்குப் பின்னால் பிறந்த வருடத்தைச் சேர்த்துப் பார்த்தோம். போன் ஒத்துக்கொண்டது.

“வயசை ஊருக்கே சொல்லணுமாக்கும்” என்று முணுமுணுத்தாள். கடவுச்சொல்லை மட்டும், என்னை அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு அவளே போட்டாள்.

அடுத்து போன் நம்பரைக் கேட்டது. அதற்கு ஆறு எண்கள் அனுப்புமாம். அதைப் பார்த்துத் திரும்பப் போட்டால் கணக்கு திறந்துவிடுமாம்.

“உன் நம்பரைச் சொல்லு.”

மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். நான் ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

ஒன்றும் வரவில்லை.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். அப்போதும் வரவில்லை.

போனையே முறைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையில் கை வைத்தாள்.

“என்னங்க, நான் தங்கச்சி நம்பரைச் சொல்லித் தொலைச்சிட்டேன்.”

சிம்மும் புதுசு. சொந்த நம்பர் இன்னும் நாக்கில் ஏறவில்லை. ஏறியிருந்த ஒரே நம்பர் அதுதான்.

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எல்லாம் கைமீறிப் போன பிறகு பெட்டியோடு வந்து இறங்கிய தங்கையைப் பார்த்து, சொந்தபந்தமெல்லாம் நின்ற வராந்தாவில் இவள் சொன்னாள்: “விருந்தாளி வந்தாச்சு.”

அவ்வளவுதான். மாமியார் கண்ணை மூடி, எல்லாம் முடிந்த அன்றைக்கே தங்கை கிளம்பினாள். பிறகு இவளும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. நடுவில் புகுந்து பேசிய எனக்கு மத்தளம்போல் இரண்டு பக்கமும் இடி. நானும் விட்டுவிட்டேன்.

“பரவாயில்லை, மாத்திப் போட்டுக்கலாம்” என்றேன்.

“அவளுக்கு மெசேஜ் போயிருக்குமே. யாரோ ஏமாத்துறாங்கன்னு பயந்துக்க மாட்டாளா?”

நான் பதில் சொல்வதற்குள் என் போனை எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்த நேரம் முழுக்க மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“சொல்லுங்க மாமா.”

“நான்தான்.”

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ குழாயை மூடினார்கள்.

“உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். பயப்படாதே, நாங்கதான். அதை மட்டும் சொல்லு, வெச்சிடறேன்.” ஆபீஸ் கவுன்ட்டரில் பேசுகிற குரல்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

“வந்திருக்கு” என்றாள் கொழுந்தியாள். “சொல்றேன், எழுதிக்கோ.”

நிதானமாகச் சொன்னாள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விடுகிற இடைவெளி. நான் தட்டினேன். சிவப்பு எழுத்து வந்தது.

“தப்புங்குது” என்றாள் மனைவி.

“அப்படியா? இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்.”

“கண்ணாடியா? நீ எப்பலேருந்துடி கண்ணாடி போட்டே?”

இரண்டு வருடம் கழித்து அந்த ‘டி’ வந்துவிட்டது. சொன்னவளே ஒரு கணம் திடுக்கிட்டுப் போனாள்.

“போன வருஷம். தலைவலின்னு போய்க் காட்டினேன்...”

மனைவி ஸ்பீக்கரை அணைத்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். இவள் பக்கத்துப் பேச்சு மட்டும் துண்டு துண்டாகக் கேட்டது. தலைவலி. தங்கை மகனின் பள்ளிக்கூடம். “என்னது, என்னைவிட உயரமா?” பிறகு பேச்சு தாழ்ந்தது. அம்மா என்ற சொல் கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம். “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி.” அப்புறம், எனக்குக் கேட்காத எதற்கோ, இவள் சிரித்தாள்.

நான் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். நம்பரையாவது மாற்றி வைப்போம் என்று புது போனில் முந்தைய பக்கத்துக்குப் போனேன். அப்போதுதான் திரையில் இருந்ததைச் சரியாகப் பார்த்தேன்.

கொழுந்தியாளின் நம்பர் இரட்டை ஏழில் முடியும். அது கிடைத்த புதிதில் ராசியான நம்பர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்திருக்கிறாள்.

திரையில் கடைசியாக இருந்தது ஒரு ஏழு, ஓர் எட்டு.

என் விரல் வழுக்கியிருக்கிறது. அனுப்பிய இரண்டு தடவையும் அது முன்பின் தெரியாத யாருக்கோதான் போயிருக்கிறது. கொழுந்தியாளின் போனுக்கு எதுவுமே வந்திருக்காது.

மனைவி கதவருகே தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“கண்ணாடி போட்டுப் பாத்துட்டாளாம். எழுதிக்கோங்க” என்று ஆறு எண்களைச் சொன்னாள். முதலில் சொன்னதில் ஒன்றுகூட அதில் இல்லை. “இப்ப சரியா இருக்கா?”

நான் திரையை மெல்லத் தட்டினேன். கொஞ்சம் காத்திருந்தேன்.

“இல்லையே” என்றேன். “இன்னொரு தடவை கேளு.”