விதைக்கு விட்ட ஓமம்

இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஓமம் செடியிலேயே நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் பிள்ளை இன்றைக்கே பிரவீனாவோடு போகிறாளே! தனலெட்சுமி கத்தரிக்கோலை எடுத்து, பாதி பழுத்த கொத்துகளை ஒவ்வொன்றாக வெட்டினாள்.

கடையில் பை பையாகக் கிடைக்கும் ஓமத்தைத் தொட்டியில் போட்டு, ஐந்து மாதம் காவல் காத்தவள் காஹாங் ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முன்பு ஒரு நாள் வயிற்று வலியில் குழந்தை வைஷ்ணவி வீறிட்டு அழுதபோது, கடை ஓமம் காரமே இல்லாமல் சப்பென்று இருந்தது. அந்த ஆத்திரத்தில் போட்ட விதை இது.

“அலமாக், இதுதான் ஓமச் செடியாக்கா? தடிச்ச இலையா இருக்கும்னு நெனச்சேன்” என்று வியந்தாள் பிரவீனா.

“அது ஓமவல்லி. பேரும் வாசமும்தான் ஓமம். எத்தன வருஷம் வளத்தாலும் அதுல ஓமம் காய்க்காது.” சொல்லிவிட்டு, தனலெட்சுமி ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எப்படிக் குடுக்கணும்னு சொல்லுங்கக்கா. ஹேண்ட்போன்ல எழுதிக்கிறேன்.”

“நெழல்ல காய வெச்சு, ஒரு சிட்டிகை தட்டிப் போட்டுக் கொதிக்க விடு. ஆறினதும் ரெண்டு ஸ்பூன் போதும். தூங்க வைக்கிறப்ப முதுகத் தட்டாத. காத மெல்லத் தடவிக் குடு, அப்பத்தான் தூங்குவா.”

பிரவீனா எழுதுவதை நிறுத்தினாள். “பயமா இருக்குக்கா. இவள உங்ககிட்ட விட்டுட்டுப் போன சிங்கப்பூர் வேலைய விட்டாச்சு, இனிமே நாள் முழுக்க இவகூடத்தான். ஆனா என்கிட்ட ஒட்டுவாளா?”

“ஒட்டுவா லா. ரெண்டு நாள் அழுவா, அவ்வளவுதான்.”

அழப்போவது பிள்ளை மட்டுமல்ல என்று தனலெட்சுமிக்குத் தெரியாதா என்ன! பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து இந்த இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. நாளைக் காலையில் யாருக்காக எழுந்து பால் கலக்குவது?

தெப்ராவில் இருக்கும் பிரவீனாவின் வீட்டுக்குப் போகும் கார் வாசலில் ஹாரன் அடித்தது. ஓமப் பொட்டலத்தைப் பிள்ளையின் துணிப்பையில் வைத்துவிட்டு, தனலெட்சுமி வைஷ்ணவியைத் தூக்கி நீட்டினாள். பிள்ளை அவள் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு “ம்மா... ம்மா...” என்று அலறியது.

தனலெட்சுமி அந்தப் பிஞ்சு விரல்களை மெல்லப் பிரித்தாள்.

“போடி கண்ணு... உன்னப் பெத்தவ அவதான்.”