பாத்தி வரப்பில் ஒரு முகம்

ஒன்பது மணி வெயில் உப்பின்மேல் விழுந்து அப்படியே திரும்பி முகத்தில் அடிக்கிறது. உப்பளத்தில், பாத்தி வரப்பில் நிற்கிறாள் பாஞ்சாலை. வருகைப்பதிவுக்காக மேஸ்திரி தேசப்பன் நீட்டிய ஃபோனில் அவள் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கண்களைத் திறக்கவும் என்கிறது உள்ளேயிருந்து மரியாதையான ஒரு பெண்குரல். இருபது வருடமாக இந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள், திறந்தாலும் கோடாகத்தான் இருக்கின்றன. கொட்டகை நிழலுக்குப் போய் எடுத்தால், ஆள் பாத்தியில் இல்லை என்றுவிடும். நேற்றும் முந்தாநாளும் இதே கதைதான். இன்றும் முகம் பதியாவிட்டால், மூன்று நாள் வேலைக்கு வராதவள் என்று அவள் பேர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும். "நல்லா முழிச்சுப் பாருக்கா," என்கிறான் தேசப்பன். "பொண்ணு பாக்க வந்தப்பகூட நான் இவ்ளோ முழிச்சதில்லப்பா." பின்னால் நிற்கும் கூட்டாளி மேரிசெல்வி சிரிக்கிறாள். ஆனால் அவள் பாத்தியில் இறங்கவில்லை. அவளோடு, முகம் பதிந்துவிட்ட ஏழு பெண்களும் வேலையைத் தொடங்காமல் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்கிறார்கள். பாஞ்சாலை ஃபோனை வாங்கி அவன் பக்கம் திருப்புகிறாள். "கூலிங் கிளாஸைக் கழட்டிட்டு நீ ஒருவாட்டி முழி, பாக்கலாம்." கழற்றுகிறான். இமைகள் தாமாக மூடிக்கொள்ள, கன்னத்தில் நீர் வழிகிறது. தூரத்தில் மோட்டார் உப்புத்தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறது. தேசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஃபோனைத் திரும்ப வாங்கி ஆபீசுக்கு நம்பர் போடுகிறான். "சார், பாஞ்சாலை என் எதிர்லயே நிக்கிறாங்க. ஃபோன் என்னா சொன்னா என்னா சார், நான் சொல்றேன், எழுதிக்குங்க."