பச்சைப் புள்ளி

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பிரேக் பாகங்களைப் பார்த்து அனுப்புவது கலைமதியின் வேலை. நன்றாக இருப்பதில் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். ஆளுக்கொரு நிறம்; அவளுடையது பச்சை. பழுதானது ஒன்று தப்பிப் போனால் புள்ளியை வைத்தே ஆளைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வேலையில் கவனம் எப்போது சிதறுகிறது என்று ஆராய, பல்கலைக்கழக மாணவி ஜாஸ்மின் போன வாரம் கலைமதியின் நெற்றியில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஒரு பட்டையைக் கட்டினாள். ஷிப்ட் முடிந்ததும் அதை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை, லைன் ஓடத் தொடங்கும் முன்பே ஜாஸ்மின் லேப்டாப்போடு வந்துவிட்டாள்.

"அக்கா, நேத்துதான் சூப்பரா வந்திருக்கு. எட்டு மணி நேரம், கவனம் துளிகூட சிதறல."

"நேத்து ஞாயித்துக்கெழமைம்மா. கம்பெனியே லீவு. நான் வல்லக்கோட்டை கோயில்ல இருந்தேன், பட்டை லாக்கர்ல இருந்துச்சு."

ஜாஸ்மின் திரையைத் திருப்பினாள். பதினெட்டு விநாடிக்கு ஒருமுறை கோடு எழுந்து இறங்கியது. கலைமதி ஒரு பாகத்தைப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சாப்பாட்டு வேளையில் மட்டும் அரை மணி நேரம் ஓய்ந்திருந்தது.

"மெஷின் கோளாறுதான்க்கா. இப்போ தலைல கட்டிக்கினு நிக்கிறீங்க, ஒண்ணுமே வரல பாருங்க."

ஜாஸ்மின் பட்டையை இறுக்கினாள். கோடு படுத்தே கிடந்தது.

லைன் ஓடத் தொடங்கியது. கலைமதி முதல் பாகத்தைக் கையில் எடுத்தாள். நடுவில் மயிரிழை போல ஒரு விரிசல். அதன்மேல் ஈரம் காயாத பச்சைப் புள்ளி. அவள் மார்க்கரின் மூடியை இன்னும் திறக்கவேயில்லை.