சொம்பில் தெரிந்த முகம்

நல்ல படம் அமைந்தால்தான் விற்பனை. இல்லையென்றால் மறுபடி அட்டைப்பெட்டி இருட்டுதான். அந்தக் கவலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது பித்தளைச் சொம்பு.

அதை இணையத்தில் விற்க நினைத்த செண்பகவல்லி, புதுக் கேமராவை எதிரே நிறுத்தினாள். பளபளத்த சொம்பில் தன் உருவம் மிதப்பதைக் கண்டு கேமரா கிறங்கிப்போய், நாற்பது படம் எடுத்தது.

“என்னை எப்போ எடுப்பே?” என்று கேட்டது சொம்பு.

“பொறு, படத்துல நான் இன்னும் சரியா விழல.”

எல்லாப் படத்திலும் கேமராவே தெரிந்ததால், செண்பகவல்லி பெரிய லென்ஸ் வாங்கி மாட்டினாள். சொம்பில் கேமரா இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

கடைசியில் அவள் கேமராவுக்கும் சொம்புக்கும் நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டி, அதிலிருந்த ஓட்டை வழியே எடுத்தாள். வெயில் பாலாக வழிந்தது. சொம்பு நிலாபோல மிதந்தது.

“இந்தப் படத்துல யாருமே இல்லையே” என்றது கேமரா.