ரமலான் பெட்டி

ரமலானுக்கு இரண்டு நாள் முன்பு, கெய்ரோவின் இம்பாபா சந்தில் ஹாஜி ஷெர்பீனி ஏழைகளுக்கு மளிகைப் பெட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அரசாங்கத்த நம்பினா பட்டினிதான். எங்கள மாதிரி நாலு பேர் மனசு வச்சாதான் உங்க அடுப்பு எரியும். என்னம்மா நவால், கேமராவப் பாத்துச் சிரி!"

"அரசாங்கம் குடுக்கிறப்போ யாரும் சிரிக்கச் சொல்றதில்ல, ஹாஜி."

"வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல!"

நவால் அங்கேயே பெட்டியைப் பிரித்தாள். எண்ணெய் பாட்டிலின் பச்சை மூடி பழகியதாக இருந்தது. மேலே ஒட்டியிருந்த ஹாஜியின் படத்தை நகத்தால் கிழித்தாள். அடியில் அரசாங்க முத்திரை.

அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, வாய் நிறையச் சிரித்தாள்.

"போன வாரம் உங்க ரேஷன் கடைல 'எண்ணெய் வரல'ன்னு என்னைத் திருப்பி அனுப்பினீங்களே ஹாஜி... பாருங்க, வந்திருக்கு!"