காரணம்: சோம்பல்

“யாருங்க இங்கே மார்க் போடறவர்?”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. பேருந்து ஓட்டுநர் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். அவள் போட்ட சத்தத்தில் அந்த மாடியே திரும்பிப் பார்த்தது.

அது கூடைப்பந்து வீடியோ கேம் தயாரிக்கிற அலுவலகம். நிஜ வீரர்களையே கேமுக்குள் ஆட விடுவார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மார்க். இன்றைக்கு எப்படி ஆடுகிறான் என்பதற்கு ஒன்று, இனி எதுவரை வளர்வான் என்பதற்கு ஒன்று. இரண்டாவதைப் பொட்டென்ஷியல் என்பார்கள். வெறும் விளையாட்டுத்தான். ஆனால் நிஜ கிளப் மேனேஜர்களே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதைப் புரட்டுவார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்.

“நான்தாம்மா. உட்காருங்க” என்று எழுந்தார் மார்க் போடுகிறவர்.

“உட்கார வரல. பதினெட்டாம் நம்பர் சட்டைக்காரன் என் தம்பி. போன வருஷம் அவன் பொட்டென்ஷியல் எண்பத்துநாலு. இந்த வருஷம் அறுபத்தொண்ணு. சரி, தொலையட்டும். பக்கத்துல ‘காரணம்: பயிற்சியில் சோம்பல்’னு போட்டிருக்கே, அது யாரு எழுதினது?”

“நான்தான்.”

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். பக்கத்து மேசையில் வீரர்களுக்கு முகம் வரைகிறவள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“அவனா சோம்பேறி? அம்மா போனப்ப அவனுக்கு ஒன்பது வயசு. அப்ப என்னையும் பெரிய கூடைப்பந்து டீம்ல ஆட எடுத்திருந்தாங்க. ஷூவைக் கழட்டி வச்சுட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சேன். அவனை ஆட வச்சேன். காய்ச்சலோட போய்ப் பந்து போட்டவன் சார் அவன்! இப்பகூட ஞாயித்துக்கிழமை விடுதியிலேர்ந்து வீட்டுக்கு வந்தா, அசதியில கட்டிலை விட்டு எழுந்திரிக்கிறதில்ல. அப்படி உழைக்கிறான்!”

“மார்க்கை மாத்த முடியாதும்மா.”

“உங்க கேமை வாங்கி, பத்து சீசன் ஓட்டிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். மூணாவது சீசன்ல டீம்லேர்ந்து தூக்கிடுது. நாலாவது சீசன்ல ‘ஓய்வு பெற்றார்’னு ஒரே ஒரு வரி. இருபத்தேழு வயசுல! அவன் தலையெழுத்தை எழுத நீங்க யாரு?”

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வர்ற வாரம் கிளப்ல அவனை வச்சுக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. மார்க் கிடக்கட்டும். அந்தச் சொல்லை மட்டுமாவது எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

குரல் உடைந்து, உட்கார மாட்டேன் என்றவள் நாற்காலியில் சரிந்து அழுதாள். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்தச் சொல்லையும் எடுக்க முடியாதும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும்பாங்க. நரம்பில்லாத விரலை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இருக்கட்டும். நாளையிலேர்ந்து டிப்போவுக்குப் போற வழியில, விடியக்காலை நாலு மணிக்கு அவன் விடுதி வாசல்ல போய் நிப்பேன். மைதானத்தைச் சுத்தி இருபது ரவுண்டு ஓட வச்சுட்டுத்தான் பஸ்ஸை எடுப்பேன். அடுத்த வருஷம் நீங்களே வெட்கப்பட்டு மார்க்கை ஏத்துவீங்க!”

முதல் தடவையாக அவர் பதறினார். “வேண்டாம்மா! ஓட விடாதீங்க...”

“ஏன்? உங்க கணக்கு பொய்யாயிடுமா?”

அவர் அவள் பின்னால் இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றுவிட்டார். கதவு படீரென்று மூடிக்கொண்டது.

முகம் வரைகிறவளால் பொறுக்க முடியவில்லை. “சார், நீங்களும் மனுஷன்தானா? ஒரே ஒரு சொல்லு. எடுத்தா குறைஞ்சா போயிடுவீங்க? ஓடி முன்னேறுறதைக்கூட வேண்டாம்ங்கிறீங்களே!”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கடைசிப் பதினோரு ஆட்டங்களின் வீடியோ. பதினெட்டாம் நம்பர் சட்டை எம்பி எம்பிப் பந்து போட்டுக்கொண்டிருந்தது.

“முகத்தைப் பார்க்காத. காலைப் பாரு.”

“வலது கால்... மறுபடியும் வலது கால்... சார், இடது காலை ஊன்றி ஒருதரம்கூட எம்பலையே!”

“முழங்கால் போயிடுச்சு. அடக்கி ஆடினா இன்னும் ஒரு வருஷம், ஓடினா அதுவும் இல்லைன்னு, கிளப்புக்குத் தெரியாம அவன் போய்ப் பார்த்த டாக்டர் சொல்லிட்டாராம். ஆட்டம் குறையக் குறைய மெஷின் தானாவே மார்க்கை இறக்கிடும். காரணம் எழுதறது மட்டும்தான் நம்ம கையில.”

“அப்ப காயம்னு உள்ளதை எழுதியிருக்கலாமே சார்?”

“அதைத்தான் எழுதினேன். வெளியிடறதுக்கு முன்னாடி வீரருக்கு ஒரு பிரதி அனுப்பணும்ல? அனுப்பினேன். மறுநாளே விந்தி விந்தி வந்தான். அவங்கக்கா உட்கார்ந்த அதே நாற்காலியில உட்கார்ந்து அழுதான்.”

“என்ன சொன்னான்?”

ஜன்னலுக்குக் கீழே, சாலையைக் கடந்து அந்தச் சீருடை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“‘சோம்பேறின்னு மாத்திடுங்க சார். சோம்பேறியைத் திட்டித் திருத்தலாம்னு இன்னொரு சீசன் வச்சுப் பார்ப்பாங்க. நொண்டியை யாரு சார் வச்சுப்பாங்க? எனக்காக ஷூவைக் கழட்டினவ எங்கக்கா. இன்னும் ஒரு வருஷமாவது நான் ஆடறதை அவ பார்க்கட்டும். அவளுக்கு மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனான்.”

முகம் வரைகிறவள் ஜன்னலுக்கு ஓடி வந்து கீழே பார்த்தாள்.

“அக்கா வந்து நின்னா, நாளைக்கு ஓடவும் ஓடுவான்” என்றார்.