நான்காவது புறப்பாடு

2025ஆம் ஆண்டு ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 9.40. தானா ராத்தா ஊருக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில், கணக்கு எழுதும் கிராணி ராமையா தம் 1997ஆம் ஆண்டுக் காரின் சாவியைத் திருகினார். எஞ்சின் சுழன்றது, உயிர் பெறவில்லை.

முறைப்படி செய்ய வேண்டியவற்றில் எதுவும் விடுபட்டிருக்கவில்லை. அவர் மனைவி இராசம்மா விடிந்ததும் வண்டியைக் கழுவி, முன்மூடியைத் திறந்து எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

அலுவலகத்துக்கும் சந்தைக்கும் ஒழுங்காக ஓடும் அந்த வண்டி, மகள் சசிரேகாவின் கல்யாணத்தைப் பேச ரிங்லெட்டுக்குப் புறப்படும் நாளில் மட்டும் நின்றுவிடும். ஐந்து மாதங்களில் இது நான்காவது முறை.

"என்னா கிராணியாரே, இன்னிக்கும் சாமி ஊர்வலம் வாசலோட சரியா?" என்று பக்கத்து லைன் வீட்டு மணியம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"உங்க வேலயப் பாருங்கலா!" என்றார் ராமையா.

பத்தரை மணிக்குள் புறப்படாவிட்டால் சம்பந்தம் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டனர். புறப்பட்டால் சசிரேகாவின் படிப்பு இல்லை. ஈப்போவில் அவளுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது; தந்தை கையெழுத்திட வேண்டிய படிவத்துக்கு மறுநாளே கடைசி நாள்.

டவுனில் பட்டறை வைத்திருக்கும் யாசீன் முதல் முறை மட்டும் அன்று இரவே வந்து, மூடுபனியில் இராசம்மா டார்ச் பிடித்து நிற்க, தளர்ந்திருந்த ஒரு ஃபியூஸை அழுத்திச் சரிசெய்தார். அடுத்த இரண்டு முறையும் அவர் மறுநாள்தான் வர முடிந்தது; வண்டியோ முதல் திருகலிலேயே ஓடியது. ஆகவே இம்முறை ராமையா அவரைக் காலையிலேயே வரவழைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

"லைட்டு பளிச்சுன்னு எரியுது, பேட்டரி நல்லாருக்கு. ஸ்டார்ட்டரும் சுத்துது," என்றார் யாசீன். "அண்ணே, சாவியப் பாதி மட்டும் திருப்புங்க. யாரும் பேசாதீங்க."

பின்னிருக்கையில் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"பெட்ரோல் பம்ப் லேசா முனகணும். சத்தமே காணோம்."

முன்பக்கம் வந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். வரிசையில் ஓரிடம் காலியாக இருந்தது.

"ஃபியூஸ் எரியலண்ணே. ஃபியூஸே இல்ல. அது தானா எறங்கி நடந்து போகாதுலா."

ராமையா பட்டுப்புடவையில் நின்ற மகள் பக்கம் திரும்பினார்.

"எடுத்தது நீதானே?"

"நான் எடுக்கலப்பா. இத்தன நாளா எனக்கு அது தோணலையேன்னுதான் வெக்கமா இருக்கு."

"வாயப் பாரு! தட்டுல சூடத்தக் கொண்டாங்க. சத்தியம் பண்ணட்டும்."

இராசம்மா தட்டைக் கொண்டுவந்து சூடத்தைக் கொளுத்தினார். சசிரேகா தந்தையின் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"எடுத்தது நான் இல்ல. ஆனா எடுத்தவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும். இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம். அதையும் இந்தச் சூடத்து மேலயே சொல்றேன். போதுமா?"

உள்ளங்கையால் ஓங்கி அடித்துச் சுடரை அணைத்தாள்.

சூடம் அணைத்துப் பொய் சொன்னவர் என்று அந்தத் தோட்டத்தில் ஒருவரையும் காட்ட முடியாது.

"என் வேன் நிக்குதுண்ணே," என்றார் யாசீன். "அதுல போலாமே?"

"சூடம் காட்டுன வண்டிய விட்டுட்டு வேற வண்டில ஏறுறதா? நல்லா வெளங்கும்!"

10.31 மணிக்கு ரிங்லெட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் தந்தை மூன்றே வாக்கியங்களில் பேச்சை முடித்துக்கொண்டார். ராமையா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு எடுக்கல. வண்டி பூட்டித்தான் இருந்துச்சு, வெளியாள் கை வைக்க முடியாது. அப்ப இது மாரியாத்தா வேல. நாலு தடவ சொல்லியிருக்கா, நாந்தான் கேக்கல. அந்த ஃபாரத்த எடுத்துட்டு வாங்க."

இறுதியில் முடிவானது பின்வருமாறு. ரிங்லெட் சம்பந்தம் கைவிடப்பட்டது. சசிரேகா மார்ச் 3ஆம் தேதி ஈப்போவில் பயிற்சியில் சேர வேண்டும். அவளை அழைத்துச் செல்ல வேண்டியிருப்பதால் நான்கு முறை நின்றாலும் கார் விற்கப்படாது. படிவத்தின் இரண்டு பிரதிகளிலும் ராமையா கையெழுத்திட்டார்.

இராசம்மா அவற்றை வாங்கிச் சரிபார்த்தார். இரண்டாம் பிரதியில் விடுபட்டிருந்த தேதியை விரலால் சுட்டிக்காட்டி எழுதவைத்தார். பின்னர் மடித்து மகளின் கையில் கொடுத்தார். அன்று காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

யாசீன் தம் பெட்டியைக் கிளறி, புது ஃபியூஸ் ஒன்றைத் தேடினார்.

"புதுசு எதுக்குத் தம்பி? பழசு என் குங்குமச் சிமிழ்லதான் இருக்கு."